இருநூற்றுப் பதினான்கு

தட்டாதெருச் சந்தியில் வளைந்து
மதிலோடு மதிலாகக் கிடக்கிறது வரிசை.
பவுசர் வரும் என்கிறார்கள். நேற்றும் என்றார்கள்.
உள்ளங்கையில் எழுதிய இருநூற்றுப் பதினான்கு
வியர்வையில் கரைந்து
பதினான்கு மட்டும் மிச்சம்.
அந்த நப்பாசையில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.
கராச் இன்பநாயகம் வெறும் தாங்கியைத் தட்டியபடி சொன்னார்:
"கொமிக்ஸ் எழுதினவங்களிலை
எட்டோரே பலீனிக்கு மேலை ஒருத்தனும் இல்லை."

முன்னால் நின்ற ஜெறோம், வங்கிக் காசாளன்,
ஹெல்மெற்றைக் கழற்றினான்.
சண்டைக்கோ என்று பார்த்தேன். சண்டைதான்.
"செந்தாடி ஷெரீப்பு முப்பது வருஷமா
அதே பாலைவனம், அதே குதிரை.
அது எழுத்தோ அண்ணை? பஸ் சேர்விஸ்.
லூசியன் வார்டேயைப் படிச்சனீங்களோ?
நீலக்கையுறைக் கள்ளன் தாயின்ரை வீட்டை உடைக்கப் போற இடம்.
மூண்டு பக்கம். ஒரு வசனம் இல்லை.
கதவு. கை. கதவு."

"வசனம் இல்லாட்டில் எழுதினவனுக்கு என்ன வேலை?
கீறினவனுக்குக் குடு பட்டத்தை."

"எழுதாமல் விடுறதும் எழுத்துத்தான்."

"அப்ப நானும் பெரிய ஆள்.
நாப்பது வருஷமா எழுதாமல் விட்டிருக்கிறன்."

வரிசை சிரித்தது,
ஆறு மோட்டார் சைக்கிள் நீளத்துக்கு.

என் பங்குக்கு நான்
பெயர் போடாத மொழிபெயர்ப்பாளனைச் சொன்னேன்.
எங்கோ ஓர் அச்சகத்து மாடியில் இருந்துகொண்டு
வெள்ளைக்காரக் கொள்ளையனை
'அடப் பேமானி!' என்று கத்தவிட்டவன்.
பேமானி என்றால் என்னவென்று
எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.
கணக்கு வாத்தியார் உட்பட
ஒரு மாதம் எல்லோரும் பேமானி.

ஜெறோம் பிஸ்கற் பெட்டி மட்டையைக் கிழித்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டான்.
வெட்டினான். திரும்ப எழுதினான்.
வெயில் மதிலிலிருந்து இறங்கி
எங்கள் முழங்காலில் ஏறியது.

"ஒரு பேரை விட்டிட்டியள்."
ஸ்கூட்டியில் குடைபிடித்திருந்த
ஆசுப்பத்திரி லாப் தர்மினி.
"ஆர்?"
"நான்."

தொண்ணூற்றொண்டிலை
முதற் பாகம் வள்ளத்திலை வந்தது, உப்பு மணத்தோடை.
கப்டன் நெருஞ்சி கிணத்துக்குள்ளை தொங்குறார். தொடரும்.
ரெண்டாம் பாகம் வரேல்லை.
பாத்துப் பாத்திருந்திட்டு
கொப்பியின்ரை நடுத்தாளைக் கழட்டி நான் எழுதினன்.
தம்பி கீறினான்.

"கப்டன் வெளியிலை வந்திட்டார்.
விமானம் நிக்குது, எண்ணெய் இல்லை.
மண்ணெண்ணெய்க்கு லைனிலை விட்டனாங்கள்.
ரெண்டு பக்கம் முழுக்க லைன்.
அவருக்கு முன்னாலை வில்லன்."

"பேந்து?" இது இன்பநாயகம்.

"பேந்தென்ன. இடத்தை விட்டிட்டுக்
கப்டன் தேத்தண்ணி குடிக்கப் போனார்.
வில்லன் பாத்துக்கொண்டான்."

பின்னாலே யாரோ ஹோர்ன் அடித்தார்கள், காரணமில்லாமல்.

"அசல் ரெண்டாம் பாகம் பிறகு
வெள்ளவத்தை நடைபாதையிலை கிடைச்சுது.
கயிறு எறிஞ்சு தூக்கிப்போட்டாங்கள்.
அவ்வளவுதான்."

ஜெறோமின் பேனை மட்டைக்கு மேலே நின்றது.
"தம்பி?" என்று கேட்டான்,
இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கிற குரலில்.

"ஒஸ்லோவிலை பஸ் ஓடுறான்.
வில்லன் இடம் பிடிக்கிறது தன்ரை யோசினையாம்.
நான் வசனம் மட்டும்தானாம்.
முப்பது வருஷமாச் சண்டை.
வேணுமெண்டால் எடுத்துத் தாறன், கதையுங்கோ."

ஒருவரும் கதைக்கவில்லை.
மூன்றாம் இடத்தில் அவள் பெயரை எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.
அவள் அதைப் பார்த்தாள்.
குடையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

பவுசர் வந்தது.
நூற்றுத் தொண்ணூற்றாறோடு முடிந்தது.
மிச்ச ஆட்கள் நாளைக்கு, இதே ஒழுங்கில்.

தார் இளகியிருந்தது.
ஜெறோம் மட்டையைச் சைட் ஸ்ராண்டின் கீழ் வைத்தான்.
லூசியன் வார்டேயின் மேல்
காலூன்றிக்கொண்டது அவனுடைய சைக்கிள்.
தேத்தண்ணிக்குக் கிளம்பினோம்.

இன்பநாயகம் வரவில்லை.
"போட்டு வாங்கோ, இடத்தை நான் பாக்கிறன்.
ஆனால்
பலீனிதான் முதலாவது."